மூளையின் கிளர்வுநிலையை அளக்க எந்தக் காந்தத் தூண்டல் கருவி?

"டிஎம்எஸ் கருவி வாங்கலாம் என்றிருக்கிறோம். எதை வாங்குவது?" தண்டையார்பேட்டையில் பக்கவாத மறுவாழ்வு மையம் நடத்தும் பிசியோதெரபிஸ்டுகள், ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் முதுநிலை மாணவர்கள், பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் கிளினிக் வைத்திருக்கும் நரம்பியல் மருத்துவர்கள் என்று பலரும் இதைக் கேட்கிறார்கள். டிஎம்எஸ் என்பது தலைக்கு வெளியிலிருந்து காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டும் முறை. தூண்டலுக்கு மூளை எவ்வளவு எளிதில் பதில் தருகிறது என்பதே கிளர்வுநிலை. நரம்புக் கடத்தல் சோதனைக்கூடத்தில் நாள்தோறும் எலக்ட்ரோடு ஒட்டுகிறவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். கையில் விலைப்புள்ளிகள் இருக்கும், விற்பனைப் பிரதிநிதி அனுப்பிய காணொளி இருக்கும். எந்த எண்ணை அளக்கப் போகிறார்கள் என்று கேட்டால்தான் தயக்கம் வரும். அந்த எண்ணை முடிவு செய்துவிட்டால் கருவித் தேர்வு பாதி முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

## அளக்கப்படுவது என்ன

மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைத் தூண்டுவதை 1980-இல் மெர்ட்டனும் மார்ட்டனும் மின்சாரத்தைக் கொண்டு செய்து காட்டினார்கள். வேலை நடந்தது, ஆனால் தலைத்தோல் வலித்தது. 1985-இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் காந்தப்புலத்தைக் கொண்டு அதையே வலியில்லாமல் செய்தார்கள். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரம் பல ஆயிரம் ஆம்பியராகக் காயில் என்ற கம்பிச்சுருள் வழியே கண நேரம் பாய்கிறது. ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா வரை எழும் காந்தப்புலம் எலும்பைத் தாண்டிப் போய், மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அசைவுகளை ஆளும் பகுதியான இயக்கப் புறணியில் கைக்குரிய இடத்தைத் தூண்டினால், சுமார் 20 மில்லிசெகண்டில் கைத்தசை துடிக்கும். தோலில் ஒட்டிய எலக்ட்ரோடு வழியாக, தசையின் மின்னலைகளை எழுதும் இஎம்ஜி கருவி பதிவு செய்யும் அந்தத் துடிப்பலைதான் எம்இபி.

இந்த ஒரே அலையிலிருந்து வெவ்வேறு எண்களை எடுக்கலாம். ஓய்வில் இருக்கும் தசையில் பத்துத் தூண்டலுக்கு ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் அலை எழத் தேவைப்படும் மிகக் குறைந்த வலுவுக்கு ஓய்வு வாசலளவு என்று பெயர். தசையை இலேசாக இறுக்கிப் பிடித்திருக்கும்போது தூண்டினால், துடிப்புக்குப் பிறகு இஎம்ஜி சற்று நேரம் அடங்கிப்போகும். அது அமைதிக்காலம். மூளையிலிருந்து முதுகுத்தண்டு வரை செய்தி போக எடுக்கும் நேரம் மையக் கடத்தல் நேரம். இரண்டு தூண்டல்களைச் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொடுத்தால், முதலாவது இரண்டாவதை எவ்வளவு அடக்குகிறது என்று பார்க்கலாம். 1993-இல் குஜிராய் குழுவினர் விவரித்த இம்முறையில் 1 முதல் 5 மில்லிசெகண்ட் இடைவெளியில் அலை சிறுக்கும், 10 முதல் 15 வரை இடைவெளி விட்டால் பெருக்கும்.

இவை ஒன்றுக்கொன்று ஈடல்ல. கார்பமசபின், ஃபெனிடோயின் போன்ற மாத்திரைகள் சோடியம் வாயில்களை அடைப்பதால் வாசலளவை உயர்த்துகின்றன. லோரசபாம் வகை மாத்திரைகள் வாசலளவைப் பெரிதும் தொடுவதில்லை. அவை மூளையை அடக்கும் வேதிப்பொருளான காபா வழியாக இரட்டைத் தூண்டலின் அடக்கத்தைக் கூட்டுகின்றன. அதனால் "மூளையின் கிளர்வுநிலையை அளக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் அது கருவி வாங்கப் போதுமான குறிப்பு அல்ல.

## எந்த அளவுகோல்களால் ஒப்பிடுகிறேன்

- உங்களுக்கு வேண்டிய எண்ணை அந்தக் கருவி தருமா?
- அதே ஆளை அடுத்த வாரம் அளந்தால் ஒத்த எண் வருமா?
- உங்கள் இஎம்ஜி கருவியோடு அது பேசுமா?
- விலைப்புள்ளியில் இல்லாத செலவுகள் எவை?
- உங்கள் அறையின் வெப்பம், மின்சாரம், மழைத்தண்ணீர் ஆகியவற்றை அது தாங்குமா?

பாதுகாப்பை இதில் சேர்க்கவில்லை. அது எல்லாத் தேர்வுகளுக்கும் பொதுவான நிபந்தனை என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

## தேர்வு 1: ஒற்றைத் தூண்டல், ஒருதிசை அலை

மேக்ஸ்டிம் நிறுவனத்தின் 200² கருவி இந்த வகைக்குத் தெரிந்த உதாரணம். மின்னோட்டம் காயிலில் ஒரே திசையில் வலுவாகப் பாய்ந்து மெல்ல அடங்கும். எட்டு வடிவக் காயிலை நடுக்கோட்டுக்கு 45 பாகை சாய்த்துப் பிடித்து, மூளையில் மின்னோட்டம் பின்னிருந்து முன்னாகப் போகும்படி வைத்தால், எந்த நரம்பிழைகளைத் தூண்டுகிறோம் என்பதில் குழப்பம் குறைவு. அளவீட்டுக்கு நான் இதை முதலில் வைப்பதற்கு அதுவே காரணம்.

வாசலளவு, எம்இபி உயரம், அமைதிக்காலம், மையக் கடத்தல் நேரம் நான்கும் இதில் கிடைக்கும். வடசென்னையில் ஒரு நரம்பியல் கூடத்துக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். தலைச்சுமை தூக்கித் தேய்ந்த கழுத்தோடு வருகிறவருக்குத் தண்டுவடம் அழுந்தியிருக்கிறதா என்ற கேள்விக்கு மையக் கடத்தல் நேரம் உதவுகிறது. எம்ஆர்ஐ அழுத்தத்தின் உருவத்தைக் காட்டும், செய்தி தாமதமாகிறதா என்பதை இது காட்டும்.

பக்கவாதத்தில் இதன் பயன் இன்னும் நேரடியானது. ஆக்லாந்தில் உருவான பிரெப்2 என்ற கணிப்பு முறையில், பாதிப்பு நேர்ந்து மூன்று நாட்களுக்குள் தோளை விலக்கித் தூக்கும் வலுவுக்கும் விரலை நீட்டும் வலுவுக்கும் தலா 5 வீதம் மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் காந்தத் தூண்டலே தேவையில்லை. அதற்குக் கீழே வந்தவர்களுக்கு மட்டும் முதல் வாரத்துக்குள் எம்இபி எழுகிறதா என்று பார்க்கிறார்கள். எழுந்தால் கை நன்றாகத் திரும்ப வாய்ப்புண்டு. "அப்பாவின் கை வருமா?" என்று கேட்கும் மகனுக்கு ஊகத்தைச் சொல்லாமல் ஒரு சோதனையின் விடையைச் சொல்ல முடிகிறது. இதற்கு வேண்டியதெல்லாம் ஒற்றைத் தூண்டல்தான். கை முற்றிலும் அசையாத நோயாளிக்கும் செய்யக்கூடிய சோதனை என்பதால் அவருடைய ஒத்துழைப்பும் அதிகம் தேவைப்படாது.

இனி மறைசெலவுகள். முதலாவது, நரம்புக் கடத்தலை அளக்கும் உங்கள் பழைய என்சிஎஸ் கருவி. இஎம்ஜியைப் பதிவதும் அதுதான். வெளியிலிருந்து வரும் ட்ரிகர் சமிக்ஞையை ஏற்கும் துளை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூண்டலும் பதிவும் ஒரே கணத்தில் தொடங்காது, அலை வந்த நேரத்தை அளக்க முடியாது. துளை இருந்தாலும், தூண்டலின்போது ஆம்ப்ளிஃபையர் நிறைந்து திணறி, 20 மில்லிசெகண்டுக்குள் மீளாவிட்டால் எம்இபி அந்தத் திணறலுக்குள் மறைந்துவிடும். இந்தப் பொருத்தத்தைப் பார்க்காமல் காந்தக் கருவிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது, காயில். அது கருவியோடு எப்போதும் சேர்ந்து வருவதில்லை, கேபிள் தேய்ந்தால் மாற்றவும் வேண்டும். கால் தசைக்கு வலுவான கூம்பு வடிவக் காயில் தனியாகத் தேவைப்படலாம். மூன்றாவது, நேரம். எம்இபி உயரம் ஒவ்வொரு தூண்டலுக்கும் மாறும். ஐந்தாறு அலைகளின் சராசரியை நம்ப முடியாது, 20 முதல் 30 வரை எடுக்க வேண்டும். ஒருதிசைக் கருவி ஒவ்வொரு முறையும் மின்னேற்றம் பெறச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம் என்ற கணக்கில் இது வந்தே தீரும்.

## தேர்வு 2: இரட்டைத் தூண்டல்

இரண்டு தூண்டல் கருவிகளை ஓர் இணைப்புப் பெட்டி வழியாக ஒரே காயிலில் சேர்ப்பது இதன் வழக்கமான வடிவம். மேக்ஸ்டிமின் பைஸ்டிம்² அப்படிப்பட்டது. மேக்வென்ச்சரின் எக்ஸ்100 கருவியை மேக்ஆப்ஷன் என்ற கூடுதல் வசதியோடு வாங்கினால் ஒரே பெட்டியில் இரட்டைத் தூண்டலும் அலை வடிவத் தேர்வும் கிடைக்கும்.

உங்கள் கேள்வி புறணிக்குள் இருக்கும் அடக்கத்தைப் பற்றியது என்றால் இதற்கு மாற்று இல்லை. மோட்டார் நியூரான் நோயான ஏஎல்எஸ்ஸில் இந்த அடக்கம் குறைகிறது என்பதைச் சிட்னியில் கியர்னன், வூசிச் குழுவினர் தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அலையின் உயரத்தை அளப்பதில்லை. 0.2 மில்லிவோல்ட் என்று ஓர் உயரத்தை இலக்காக வைத்துக்கொண்டு, அதை எட்ட எவ்வளவு வலு தேவை என்று தொடர்ந்து தேடுகிறார்கள். எம்இபியின் ஏற்ற இறக்கம் இம்முறையில் குறைவாகவே தொல்லை தருகிறது. ஆனால் வலுவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருளும், அதைப் புரிந்துகொண்ட ஆளும் வேண்டும்.

விலை ஏறத்தாழ இரண்டு கருவிகளுக்கு ஆகும். பராமரிப்பு ஒப்பந்தமும் இரண்டுக்கு. இன்னொரு வரம்பையும் சொல்ல வேண்டும். இந்த அளவீடு முழுவதும் வாசலளவை அடிப்படையாகக் கொண்டது. கடுமையான பக்கவாதத்தில் கருவியை நூறு விழுக்காட்டில் வைத்தாலும் அலை எழாத மூளைப்பக்கம் உண்டு. அங்கே இரட்டைத் தூண்டலைத் தொடங்கவே முடியாது. பக்கவாத நோயாளிகளை மட்டும் பார்க்கும் மையம் இதற்குப் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## தேர்வு 3: சிகிச்சைக்கான தொடர் தூண்டல் கருவியை அளவீட்டுக்கும் பயன்படுத்துவது

அதிகம் பேர் சாய்வது இந்தப் பக்கம்தான். காரணம் புரிகிறது. அமெரிக்காவில் மனச்சோர்வுச் சிகிச்சைக்கு 2008-இல் அனுமதி கிடைத்தது முதல், தூண்டல்களை வரிசையாகத் தொடர்ந்து தரும் இவ்வகைக் கருவிகள் எங்கும் பரவிவிட்டன. சிகிச்சைக்கு வருகிறவர்களின் கட்டணத்தில் கருவியின் கடன் அடையும், இடையில் அளவீடும் செய்துகொள்ளலாம் என்பது கணக்கு. சிகிச்சை உங்கள் முதன்மை வேலை என்றால் அது தவறான கணக்கும் அல்ல.

அளவீட்டுக்கு இதில் இரண்டு சிக்கல்கள். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை இருதிசை அலை தருபவை. மின்னோட்டம் முன்னும் பின்னுமாகப் பாய்வதால் எந்தத் திசை எந்த இழையைத் தூண்டியது என்று பிரித்துச் சொல்வது கடினமாகிறது. அதே காரணத்தால் இதில் வரும் வாசலளவை ஒருதிசைக் கருவியின் வாசலளவோடு ஒப்பிடக் கூடாது. வாசலளவு "கருவியின் உச்ச வலுவில் இத்தனை விழுக்காடு" என்று எழுதப்படுகிறது. ஒரு கடையின் ஆழாக்கால் அளந்த அரிசியை இன்னொரு கடையின் ஆழாக்கோடு ஒப்பிடுவதைப் போன்றது, இரண்டு கருவிகளின் விழுக்காடுகளை ஒப்பிடுவது. காயில் மாறினாலும் இதே கதைதான். ஆய்வுக் கட்டுரையில் படித்த 45 விழுக்காட்டை உங்கள் நோயாளியின் 58-க்குப் பக்கத்தில் வைத்து, "இவருக்குக் கிளர்வுநிலை குறைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். அதே கருவி, அதே காயில், அதே ஆள் என்று முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு மட்டும் இருதிசைக் கருவியை நம்பலாம்.

இரண்டாவது சிக்கல் இஎம்ஜி. சிகிச்சைக் கருவிகள் பலவும் இஎம்ஜி இல்லாமலே விற்கப்படுகின்றன. கட்டைவிரல் துடிப்பதைக் கண்ணால் பார்த்து வாசலளவை முடிவு செய்யச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் துடிப்பு 50 மைக்ரோவோல்ட்டுக்கு மேலே போன பிறகுதான் வருகிறது, அதனால் கண்ணால் எடுத்த வாசலளவு இஎம்ஜி தரும் அளவைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். சிகிச்சையின் வலுவை இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால் நோயாளிக்குத் தேவைக்கு மேல் போய்விடுகிறது. தொடர் தூண்டலில் வலு கூடினால் வலிப்புக்கான அபாயமும் கூடும். சிகிச்சைக் கருவிதான் வாங்குவேன் என்கிறவர்களும் இஎம்ஜி இணைப்பைக் கட்டாயம் சேர்த்து வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

## தேர்வு 4: வாங்காமல், வேறொரு நிறுவனத்தின் கருவியில் அளப்பது

ஆய்வேட்டுக்காகக் கேட்கும் மாணவர்களுக்கு என் முதல் பதில் இது. ஆய்வு முடிந்ததும் தூசி படியும் கருவியைத் துறையின் தலையில் கட்ட வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற கை அங்கே ஏற்கெனவே இருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் அளக்கும் இடத்தையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

இதன் மறைசெலவு நோயாளியின் மேல் விழுகிறது. எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ நடக்க முடியாத ஒருவரைக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் ஏற்றி நகரின் மறுகோடிக்கு அழைத்துப் போனால், கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நடக்கக்கூடியவர்களுக்கு வழி எளிதாகியிருக்கிறது. முதல் வாரத்தில் படுக்கையில் இருக்கும் பக்கவாத நோயாளிக்கு அது உதவாது. அவருக்கான சோதனை அவர் சேர்க்கப்பட்ட மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | கிடைக்கும் அளவுகள் | விலைப்புள்ளியில் வராதவை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| ஒற்றை, ஒருதிசை | வாசலளவு, எம்இபி, அமைதிக்காலம், மையக் கடத்தல் நேரம் | இஎம்ஜி பொருத்தம், கூடுதல் காயில், நேரம் | நரம்பியல் கூடம், பக்கவாத வார்டு |
| இரட்டை | மேற்கண்டவை, புறணி அடக்கமும் ஊக்கமும் | இரட்டைப் பராமரிப்பு, மென்பொருள், தேர்ந்த ஆள் | ஏஎல்எஸ், மருந்து ஆய்வுகள் |
| தொடர் தூண்டல் | அதே ஆளிடம் முன்பின் ஒப்பீடு | இஎம்ஜி இணைப்பு, காயில் குளிர்விப்பு | சிகிச்சையே முதன்மையான மையம் |
| வெளி நிறுவனம் | அந்த இடத்தைப் பொறுத்தது | பயணம், கூலி இழப்பு, முன்பதிவுக் காத்திருப்பு | ஆய்வேட்டு மாணவர் |

## வழிகாட்டிக் கேமரா தேவையா

காயில் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் நேவிகேஷன் கருவியையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். இயக்கப் புறணியை மட்டும் அளப்பவருக்கு அது அவசரமில்லை. சரியான இடத்தில் இருக்கிறோமா என்பதை எம்இபியே சொல்லிவிடும். நீச்சல் தொப்பி ஒன்றை மாட்டி, நல்ல அலை வந்த இடத்தையும் காயிலின் சாய்வையும் பேனாவால் குறித்துக்கொண்டால் ஒரே அமர்வில் போதுமான துல்லியம் கிடைக்கிறது. அலையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு மூளையும் தண்டுவடமும் கணத்துக்குக் கணம் மாறுவதால் வருவது, எந்தக் கேமராவும் அதைச் சரிசெய்யாது. கை அசைவோடு தொடர்பில்லாத மூளைப்பகுதிகளைத் தூண்டுகிறவர்களுக்கும், மாதக்கணக்கில் அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும் கேமரா தேவை.

## அறை

எங்கள் பகுதிக்கே உரிய இக்கட்டு ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் வரும் நோயாளிக்குத் தரைத்தளம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தரைத்தளம் என்ன பாடுபட்டது என்பதை வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் உள்ள கட்டடத்தின் முதல் தளம் கிடைத்தால் வாடகை கூடுதலானாலும் அதையே எடுங்கள். தரைத்தளம்தான் என்றால், உயர்த்திய மேடையும், சக்கர வண்டியோடு கருவியை மேலே கொண்டு போகும் ஏற்பாடும் முதல் நாளிலேயே இருக்கட்டும்.

காயில் ஒவ்வொரு தூண்டலிலும் சூடேறும், குறித்த வெப்பத்தைத் தொட்டால் கருவி தானாக நின்றுவிடும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் அந்த எல்லை விரைவில் வரும். கடலை ஒட்டிய உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதாலும் மூடிய, உலர்ந்த அறை தேவை. மின்னேற்றத்தின்போது கருவி ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் எடுக்கும். கம்ப்யூட்டருக்கு வாங்கிய யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். தனி இணைப்பும் நல்ல எர்த்தும் போடுங்கள். எர்த் சரியில்லாத அறையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இஎம்ஜியில் ஏறும், 50 மைக்ரோவோல்ட் அலையை அதற்குள் தேடுவது வீண் வேலை.

## நோயாளியிடம் கேட்க வேண்டியவை

எந்தத் தேர்வாக இருந்தாலும் இந்தக் கேள்விகள் மாறாது. வலிப்பு வந்ததுண்டா? பேஸ்மேக்கர், தலைக்குள் கிளிப் உண்டா? காதுக்குள் காக்ளியர் கருவி உண்டா? அரசு காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் பொருத்திக்கொண்ட பிள்ளைகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தச் சோதனை கூடாது. வெல்டிங், லேத் பட்டறைகளில் வேலை செய்கிறவரிடம் மறக்காமல் கேளுங்கள்: "ஐயா, கண்ணில் இரும்புத்தூள் விழுந்து எடுத்ததுண்டா?" இரவில் கடலுக்குப் போய்வந்த காசிமேட்டு மீனவரும், துறைமுகத்தில் இரவுப்பணி முடித்து வருகிறவரும் தூங்காமல் வந்திருப்பார்கள். தூக்கமின்மை கிளர்வுநிலையை மாற்றும், வலிப்பின் அபாயத்தையும் கூட்டும். அவர்களை வேறொரு நாள் வரச் சொல்லுங்கள். குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கும் அப்படியே. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. நோயாளிக்கும் உங்களுக்கும் காதடைப்பான் கட்டாயம்.

உள்ளங்கை காய்த்துப்போன உழைப்பாளியிடம் கட்டைவிரல் மேட்டில் எலக்ட்ரோடு பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். புறங்கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசையை எடுத்தால் வேலை எளிது.

## யாருக்கு எதைச் சொல்வேன்

தண்டையார்பேட்டை மறுவாழ்வு மையத்துக்கு: நரம்பியல் மருத்துவர் ஒருவரின் பொறுப்பில், ஒற்றைத் தூண்டல் கருவி. பெரம்பூர் மருத்துவருக்கும் அதே. ஏஎல்எஸ் நோயாளிகள் தொடர்ந்து வருகிறார்கள், ஆய்வும் செய்வேன் என்றால் மட்டும் இரட்டை. மனநல மருத்துவரோடு சேர்ந்து சிகிச்சை நடத்தப் போகிறவருக்கு இஎம்ஜியோடு தொடர் தூண்டல். மாணவருக்கு வாங்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன், 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின்படி இறக்குமதி உரிமம் இருக்கிறதா என்று நகலைக் கேட்டு வாங்குங்கள். பழுதானால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, செயல்விளக்கத்தை உங்கள் அறையில், உங்கள் இஎம்ஜியோடு செய்து காட்டச் சொல்லுங்கள். அன்று உங்கள் ஊழியர் ஒருவரின் ஓய்வு வாசலளவை எடுத்து, சில நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். நலமாக உள்ளவரிடம் வாசலளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. இரண்டு எண்களும் வெகுவாக விலகினால் கருவி, எர்த், இஎம்ஜி இணைப்பு, காயில் பிடிக்கும் கை ஆகியவற்றில் எது காரணம் என்று தெரியும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டாம் முறை வர முடியாது என்று பிரதிநிதி சொன்னால் அடுத்த விலைப்புள்ளியை எடுத்துப் பாருங்கள்.